ஐபோனில் டிஸ்ப்ளே, பேட்டரி மாற்றினால் வரும் 'அன்நோன் பார்ட்' அறிவிப்பு: எது தீரும், எது தீராது?

திண்டுக்கல்_சர்வீஸ் கேட்கிறார்:

வணக்கம். ஐபோன் 11 முதல் 14 வரையிலான மாடல்களில் டிஸ்ப்ளே காம்போ (திரையும் டச் கண்ணாடியும் சேர்ந்த பாகம்), பேட்டரி மாற்றும் வேலை பற்றிய கேள்வி இது. பாகம் மாற்றியதும் 'அன்நோன் பார்ட்' என்று அறிவிப்பு வருகிறது, ட்ரூ டோன் (சுற்றியுள்ள வெளிச்சத்துக்கேற்பத் திரையின் நிறத்தை மாற்றும் வசதி) மறைந்துவிடுகிறது, சில போன்களில் பேட்டரி ஹெல்த் சதவீதமே காட்டுவதில்லை. மார்க்கெட்டில் புரோகிராமர் (பாகத்தில் உள்ள தரவைப் படித்து எழுதும் கருவி) வாங்கச் சொல்கிறார்கள், ஐசி (சிப்) மாற்றச் சொல்கிறார்கள், 'ஐஓஎஸ் 18-ல் எல்லாம் சரியாகிவிட்டது' என்றும் சொல்கிறார்கள். இவற்றில் எது உண்மை? எந்த மாடலில் எதைச் செய்தால் எது திரும்பக் கிடைக்கும்? வேலையை ஆரம்பிக்கும் முன்பே வாடிக்கையாளரிடம் எதைச் சொல்லிவிட வேண்டும்? இப்படிப் பூட்டுப் போடுவதைத் தடுக்க எங்காவது சட்டம் இருக்கிறதா என்பதையும் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

போர்டுலெவல் எழுதுகிறார்:

எல்லாவற்றையும் 'பேரிங்' (ஜோடி சேர்ப்பு) என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் குழப்பம் வருகிறது. உள்ளே இருப்பது மூன்று வேறு வேறு பூட்டுகள்.

முதலாவது பாதுகாப்புப் பூட்டு. டச் ஐடி சென்சாரும் ஃபேஸ் ஐடி தொகுதியும் போனின் மெயின் போர்டில் உள்ள செக்யூர் என்க்ளேவ் என்ற தனிப் பாதுகாப்புப் பகுதியோடு தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்க்கப்பட்டவை. வேறு போனின் சென்சாரைப் போட்டால் வேலை செய்யாது. செய்யவும் கூடாது, ஏனென்றால் ஒரு போலிச் சென்சாரைச் செருகி அடுத்தவர் போனைத் திறக்க வழி இருக்கக் கூடாது. இந்தப் பூட்டுக்கு நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயத்தைத் தாண்டியும் இது போயிருக்கிறது. 'எரர் 53' நினைவிருக்கும். ஐபோன் 6-ல் வெளிக் கடையில் ஹோம் பட்டன் மாற்றியிருந்தால், ஐஓஎஸ் அப்டேட் செய்ததும் போன் முழுவதுமாகச் செத்துப்போனது. கைரேகையை மட்டும் நிறுத்தியிருந்தாலே பாதுகாப்புக்குப் போதும், போனையே முடக்கத் தேவையில்லை. 2016 பிப்ரவரியில் 9.2.1-ன் திருத்திய பதிப்பை வெளியிட்டுச் சரிசெய்தார்கள். அதே விவகாரத்தில் வாடிக்கையாளர்களைத் தவறாக வழிநடத்தியதற்காக ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம் 2018-ல் ஆப்பிளுக்கு 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

இரண்டாவது அளவீட்டுப் பூட்டு. ட்ரூ டோன் இந்த வகை. ஒவ்வொரு டிஸ்ப்ளேவின் நிறமும் கொஞ்சம் வேறுபடும் என்பதால், அதன் அளவீட்டுத் தரவு டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸில் (வளையும் மெல்லிய இணைப்புப் பட்டையில்) இருக்கும் சிறு மெமரியில் எழுதப்பட்டிருக்கும். ஐபோன் 8 முதல் இப்படித்தான். போர்டு எதிர்பார்க்கும் தரவு அங்கே இல்லையென்றால் ட்ரூ டோன் சுவிட்சே மறைந்துவிடும். புரோகிராமர் செய்வது பழைய டிஸ்ப்ளேவிலிருந்து இந்தத் தரவைப் படித்துப் புதியதில் எழுதுவது, அவ்வளவுதான். கண்ணாடி நொறுங்கியிருந்தாலும் ஃப்ளெக்ஸ் கிழியாமல் இருந்தால் படித்துவிடலாம். அதனால் பழைய டிஸ்ப்ளேவை அவசரப்பட்டுக் குப்பையில் போடாதீர்கள், வாடிக்கையாளர் போனை வாங்கிப் போகும் வரை வைத்திருங்கள். புதிய காம்போவில் அந்த மெமரி இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மிக மலிவான சரக்கில் அது இருக்காது.

மூன்றாவதுதான் உங்களைப் படுத்துவது. இது வெறும் சீரியல் நம்பர் பூட்டு. பாகம் நன்றாக வேலை செய்யும், ஆனால் அதன் எண் போர்டில் பதிந்த எண்ணோடு ஒத்துப்போகாததால் அறிவிப்பு வரும். இரண்டு புத்தம் புது ஐபோன் 13-களை வாங்கி அவற்றின் அசல் டிஸ்ப்ளேக்களைத் தங்களுக்குள் மாற்றிப் போட்டாலும் இரண்டிலும் அறிவிப்பு வரும். ஆக, தரம் குறைந்த பாகம் என்று இந்த எச்சரிக்கையைப் படிக்க முடியாது. 'நாங்கள் பதிவு செய்யாத பாகம்' என்று மட்டுமே அதற்கு அர்த்தம். இதை வாடிக்கையாளருக்கு அறிவிப்பு வந்த பிறகு சொன்னால் சமாளிப்பதுபோல் தோன்றும், முன்பே சொல்லிவிடுங்கள்.

எந்த மாடலில் எந்தப் பாகத்துக்கு வரும் என்றால்: எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ், இரண்டாம் தலைமுறை எஸ்இ ஆகியவற்றில் பேட்டரிக்கு மட்டும். 11 வரிசையில் பேட்டரி, டிஸ்ப்ளே இரண்டுக்கும். 12, 13-ல் கேமராவும் சேரும். அறிவிப்பு லாக் ஸ்கிரீனில் 4 நாள், செட்டிங்ஸ் முதல் பக்கத்தில் 15 நாள் இருக்கும். அதன்பிறகு ஜெனரல், அபவுட் பகுதிக்குள் போய்விடும். அங்கிருந்து அழியாது. 'ரீஸ்டோர் செய்தால் போய்விடும்' என்பது தவறு.

13-ல் இன்னொரு சம்பவம் நடந்தது. 2021-ல் அந்த மாடல் வந்த புதிதில் டிஸ்ப்ளே மாற்றினால் ஃபேஸ் ஐடியே நின்றுபோனது. இத்தனைக்கும் ஃபேஸ் ஐடி தொகுதி டிஸ்ப்ளேவில் இல்லை, உடல் பக்கம் இருக்கிறது. பழைய டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸில் உள்ள ஐசியை ஹாட் ஏரில் எடுத்து, ரீபால் செய்து (அடியில் புதிய சால்டர் உருண்டைகள் வைத்து) புதியதில் உட்கார வைத்தால்தான் திரும்பக் கிடைத்தது. பலத்த எதிர்ப்புக்குப் பிறகு ஐஓஎஸ் 15.2-ல் அதை நீக்கினார்கள். மென்பொருள் அப்டேட்டில் எடுக்க முடிந்த தடை, ஹார்டுவேர் பாதுகாப்புக்குத் தவிர்க்க முடியாத தடையாக இருந்திருக்க முடியாது. இந்த விவாதத்தில் எனக்கு மிக வலுவான சான்றாகப் படுவது இதுதான்.

இந்த ஐசி மாற்றும் முறை 11, 12, 13-ல் அறிவிப்பு வராமல் இருக்க இன்றும் பயன்படுகிறது. மைக்ரோஸ்கோப், நல்ல ஹாட் ஏர், ஸ்டென்சில் இல்லாமல் இறங்க வேண்டாம். ஃப்ளெக்ஸ் மெல்லியது, வெப்பம் கொஞ்சம் கூடினாலே பேட் (சால்டர் பிடிக்கும் உலோகப் புள்ளி) கழன்று வந்துவிடும், அப்புறம் புது காம்போவும் வீண். கை பழகும் வரை செத்த டிஸ்ப்ளேக்களில் மட்டும் செய்து பாருங்கள்.

---

செல்_வெல்டர் எழுதுகிறார்:

டிஸ்ப்ளே பற்றி அண்ணன் விவரமாகச் சொல்லிவிட்டார். பேட்டரி பக்கத்தை நான் சொல்கிறேன்.

ஐபோன் பேட்டரியின் தலைப்பகுதியில் ஒரு சிறு சர்க்யூட், பிஎம்எஸ், இருக்கும். சீரியல் எண், சார்ஜ் சுழற்சிக் கணக்கு, செல்லின் கொள்ளளவுக் கணக்கு எல்லாம் அதிலுள்ள சிப்பில்தான் இருக்கும். போர்டு அந்த சிப்பிடம்தான் பேசும், செல்லிடம் பேசாது. அதனால் மார்க்கெட்டில் இரண்டு வழி உண்டு. பிஎம்எஸ் உள்ள முழு பேட்டரியையே மாற்றுவது ஒன்று. இதில் அறிவிப்பு வரும், மற்றபடி போன் வழக்கம்போல் ஓடும். பழைய பேட்டரியிலிருந்து அசல் பிஎம்எஸ்-ஐ வெட்டி எடுத்துப் புதிய செல்லில் ஸ்பாட் வெல்டு செய்வது இன்னொன்று. சீரியல் அதேதான் என்பதால் போர்டு ஏற்றுக்கொள்ளும்.

இரண்டாவது வழியில் பெரும்பாலானவர்கள் விடும் தவறு: செல் புதிது, கணக்கு பழையது. பழைய செல்லில் கற்றுக்கொண்ட கொள்ளளவு, உள்தடை மதிப்புகள் சிப்பில் அப்படியே இருப்பதால் ஹெல்த் 78 என்றே காட்டும், 30 சதவீதத்தில் திடீரென்று அணைந்தும் போகும். புரோகிராமரையும் பேட்டரியோடு கூடுதலாக இணைக்கும் டேக்-ஆன் ஃப்ளெக்ஸையும் வைத்து அந்த மதிப்புகளைத் திருத்தினால்தான் வேலை முடிந்ததாகும். இதில் நேர்மையும் சேர்ந்திருக்கிறது. சுழற்சிக் கணக்கைச் சுழியாக்கி 100 சதவீதம் என்று காட்டும் அதே கருவியைக் கொண்டு, செல்லையே மாற்றாமல் பழைய பேட்டரியைப் புதியதாக விற்பவர்களும் இருக்கிறார்கள். செல் மாற்றியதை பில்லில் எழுதிக் கொடுங்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை விட்டுக்கொடுக்கக் கூடாதவை:

செல்லின் டேப்பில் (வெளியே நீட்டியிருக்கும் உலோக முனையில்) சால்டரிங் அயர்ன் வைக்கவே கூடாது. வெப்பம் நேராகச் செல்லுக்குள் இறங்கும். ஸ்பாட் வெல்டர் மட்டும்தான். பிஎம்எஸ்-ஐ வெட்டும்போது இரண்டு டேப்பையும் ஒரே கத்தரி வெட்டில் வெட்டினால் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும். ஒன்றை வெட்டி, காப்டன் என்ற வெப்பம் தாங்கும் ஒட்டுநாடாவை ஒட்டி மூடிய பிறகு மற்றதை வெட்டுங்கள். போனைத் திறக்கும் முன் சார்ஜ் 25 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். நிறைந்த செல் குத்துப்பட்டால் எரியும் வேகம் மிக அதிகம். பேட்டரிக்கு அடியில் உள்ள இழுவைப் பசை நாடா பாதியில் அறுந்தால் இரும்பு ஸ்பட்ஜரால் நெம்பாதீர்கள். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஓரத்தில் சொட்டு விட்டு, இரண்டு நிமிடம் பொறுத்து, பிளாஸ்டிக் அட்டையால் தள்ளுங்கள். வளைந்த செல்லைத் திரும்பப் பொருத்தக் கூடாது. பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல் இருக்க வேண்டும்.

'ஹை கெபாசிட்டி' என்று எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். ஐபோன் 13-ன் அசல் பேட்டரி 12.41 வாட் அவர். அதே அளவுப் பெட்டிக்குள் ஐந்து, பத்து சதவீதம் கூடுதல் என்றால் நம்பலாம். முப்பது சதவீதம் என்றால் ஸ்டிக்கர் மட்டும்தான் கூடியிருக்கிறது. சுழியிலிருந்து நிறையும் வரை யூஎஸ்பி மீட்டரில் வாட் அவர் பாருங்கள். சார்ஜிங்கில் கொஞ்சம் வெப்பமாக வீணாகும் என்பதால் அசல் அளவுள்ள செல்லுக்கு மீட்டர் 12.41-ஐவிடக் கூடுதலாகத்தான் காட்ட வேண்டும். அதற்குக் கீழே நின்றால் செல் குறைவானது.

---

திண்டுக்கல்_சர்வீஸ் எழுதுகிறார்:

இருவருக்கும் நன்றி. ஐஓஎஸ் 18 பற்றி யாரும் சொல்லவில்லையே? டோனர் போனிலிருந்து (பாகத்துக்காகப் பிரிக்கும் பழைய போனிலிருந்து) எடுத்த அசல் பாகம் போட்டால் அறிவிப்பு வராது என்கிறார்கள், அது சரியா? காம்போவில் இன்செல், ஹார்டு, சாஃப்ட் என்று மூன்று சொல்கிறார்களே, எதை வாங்குவது?

---

போர்டுலெவல் எழுதுகிறார்:

பாதி சரி. ஐஓஎஸ் 18-ல் ரிப்பேர் அசிஸ்டன்ட் என்ற வசதி போனுக்குள்ளேயே வந்திருக்கிறது. அசல் பாகம் என்றால், போட்டு முடித்த பிறகு செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட், பார்ட்ஸ் அண்ட் சர்வீஸ் ஹிஸ்டரி என்று போனால் 'ரீஸ்டார்ட் அண்ட் ஃபினிஷ் ரிப்பேர்' என்ற வரி இருக்கும். வைஃபையில் இணைத்து அதை ஓட்டினால் அளவீட்டுத் தரவை இறக்கிக்கொண்டு பாகத்தை ஏற்றுக்கொள்ளும். பயன்படுத்திய அசல் பாகமாக இருந்தால் 'யூஸ்டு' என்று பதியும். அது நியாயம், அடுத்து வாங்குபவருக்கும் உண்மை தெரியும். பயன்படுத்திய பாகத்துக்கான முழு ஆதரவு ஐபோன் 15-லிருந்துதான் தொடங்குகிறது. நீங்கள் கேட்கும் மாடல்களில் அந்த வரி வந்தால் ஓட்டுங்கள், வராவிட்டால் அதற்கு மேல் வழி இல்லை. காப்பி பாகத்துக்கு இது உதவாது. அவற்றுக்கு ஐஓஎஸ் 18-ல் கிடைத்த சலுகை ட்ரூ டோன் முடிந்தவரை வேலை செய்வதும், பேட்டரி ஹெல்த் எண் 'சரிபார்க்க முடியவில்லை' என்ற குறிப்போடு தெரிவதும்தான்.

டோனர் வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். அதே ஐஓஎஸ் 18-லிருந்து ஆக்டிவேஷன் லாக் (போனை உரிமையாளரின் கணக்கோடு பூட்டும் வசதி) பாகங்களுக்கும் நீண்டுவிட்டது. டோனர் போன் யாருடைய ஆப்பிள் கணக்கிலாவது பூட்டியிருந்தால், அதிலிருந்து எடுத்த டிஸ்ப்ளேவையோ கேமராவையோ அளவீடு செய்யப் போகும்போது பழைய உரிமையாளரின் பாஸ்வேர்டு கேட்கும். போர்டு செத்த போனைக் கிலோ கணக்கில் வாங்கினால் இதைச் சோதிக்கவே வழி இருக்காது. விற்பவரிடம் 'ஃபைண்ட் மை'யை ஐகிளவுட் தளத்தில் நீக்கித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள்.

காம்போ விஷயம் சுருக்கமாக: இன்செல் என்பது எல்சிடி. ஓஎல்இடி போனில் போட்டால் கறுப்பு சாம்பலாகத் தெரியும், பின்னொளி எப்போதும் எரிவதால் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும், தடிமன் கூடியதால் ஃபிரேமில் சரியாக உட்காராது. ஹார்டு ஓஎல்இடிக்கு அடித்தளம் கண்ணாடி. நிறம் நன்றாக இருக்கும், விழுந்தால் முதலில் போவது அதுதான். சாஃப்ட் அசலுக்கு மிக அருகில் வரும், விலையும் அப்படியே. 11 சாதா மாடல் அசலிலேயே எல்சிடி என்பதால் அதற்கு இந்தக் கவலை இல்லை.

பழைய டிஸ்ப்ளேவைக் கழற்றும்போது எக்ஸ் முதல் 12 வரை மேல் ஓரத்தில் கவனம் வையுங்கள். இயர் ஸ்பீக்கரும் ஃப்ளட் இலுமினேட்டரும் (ஃபேஸ் ஐடிக்காக முகத்தில் அகச்சிவப்பு ஒளி பாய்ச்சுவது) சேர்ந்த சென்சார் ஃப்ளெக்ஸ் டிஸ்ப்ளேவின் முதுகில் ஒட்டியிருக்கும். அதைப் புதியதற்கு மாற்ற வேண்டும். கிழிந்தால் ஃபேஸ் ஐடி போய்விடும், மார்க்கெட்டில் வாங்கும் சென்சாரால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. திரையைத் திறக்கும் பிக்கை 3 மி.மீ.க்கு மேல் நுழைக்காதீர்கள். எந்த மாடலாக இருந்தாலும் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டுத்தான் டிஸ்ப்ளே கனெக்டரைத் தொட வேண்டும்.

---

சந்தையும்_சட்டமும் எழுதுகிறார்:

சட்டப் பக்கம் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் இது மாநிலம் மாநிலமாக நடக்கிறது. நியூயார்க், மினசோட்டா, கலிபோர்னியா மூன்றும் பாகம், கையேடு, கருவி ஆகியவற்றைத் தனிக் கடைகளுக்குத் தர வேண்டும் என்றன. கலிபோர்னியாவில் 100 டாலருக்கு மேற்பட்ட பொருளுக்கு, அதன் உற்பத்தி நின்ற பிறகும் 7 ஆண்டுகள் தர வேண்டும். ஆனால் பாகத்தைக் கொடுத்துவிட்டு மென்பொருளால் பூட்டினால் அந்தச் சட்டங்களில் பிடி இல்லை. அந்த ஓட்டையை முதலில் அடைத்தது ஒரெகன். 2024 மார்ச்சில் ஆளுநர் டீனா கோடெக் கையெழுத்திட்ட சட்டம் மூன்று விஷயங்களைத் தடுக்கிறது: நன்றாக இயங்கக்கூடிய மாற்றுப் பாகத்தை இயங்கவிடாமல் செய்வது, அதன் செயல்பாட்டைக் குறைப்பது, பயனரைத் தவறாக வழிநடத்தும் எச்சரிக்கை காட்டுவது. 2025 ஜனவரி 1-க்குப் பிறகு தயாரித்த சாதனங்களுக்குத்தான் இந்தத் தடை. கலிபோர்னியா சட்டத்தை ஆதரித்த ஆப்பிள், ஒரெகன் மசோதாவை எதிர்த்தது. பாகம் தருவதைவிடப் பூட்டை விடுவதுதான் அவர்களுக்குக் கடினம் என்பது அதிலிருந்தே தெரிகிறது. அடுத்து கொலராடோவும் இதே வழியில் சட்டம் இயற்றியது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எக்கோடிசைன் விதி 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாடல் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகள் உதிரிபாகம், அவற்றின் உத்தேச விலை வெளிப்படையாக, சீரியல் பூட்டுள்ள பாகம் என்றால் அதை முழுமையாக இயங்க வைக்கும் மென்பொருள் தொழில்முறைப் பழுதுபார்ப்பவர்களுக்குப் பாகுபாடின்றி. இதில் கடைசி அம்சம்தான் நம் தொழிலுக்கு உயிர்நாடி. 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்ற விதியும் அங்கே வருகிறது, சில விலக்குகளோடு.

இந்தியாவில் இதற்கென்று சட்டம் இன்னும் இல்லை. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு அமைத்தது, அதே ஆண்டு டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் திறந்தது. 2025-ல் மொபைல், மின்னணுப் பொருட்களுக்கு ரிப்பேரபிலிட்டி இன்டெக்ஸ் வேண்டும் என்று இன்னொரு குழு அறிக்கை தந்தது. கழற்றுவது எவ்வளவு எளிது, பாகம் எவ்வளவு நாளில் கிடைக்கும், கையேடு, கருவி, மென்பொருள் அப்டேட் எல்லாம் அதில் மதிப்பெண் பெறும். ஆனால் மதிப்பெண்ணை நிறுவனங்களே அறிவித்துக்கொள்ளும் முறை அது. மாற்றிய பாகம் முழுதாக வேலை செய்கிறதா என்பதற்குத் தனி மதிப்பெண் இல்லாவிட்டால், திறக்க எளிது, மாற்ற முடியாது என்ற போனும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். ஐபோன் 14 நல்ல உதாரணம். அதன் உள்வடிவமைப்பைப் பாராட்டி 7 மதிப்பெண் தந்த பழுதுபார்ப்பு வழிகாட்டித் தளமான ஐஃபிக்சிட், பாகப் பூட்டைக் கணக்கில் எடுத்து 2023-ல் 4 ஆகக் குறைத்தது.

முன்னுதாரணம் வேண்டுமென்றால் நம் நாட்டிலேயே உண்டு. கார் நிறுவனங்கள் உதிரிபாகத்தையும் பழுதறியும் கருவியையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் வைத்திருந்ததை எதிர்த்த வழக்கில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. மேல்முறையீடுகள் நடந்தன என்றாலும், விற்ற பிறகு உதிரிபாகச் சந்தையைப் பூட்டி வைப்பதும் ஆதிக்கத் துஷ்பிரயோகம்தான் என்ற வாதம் அங்கே நிலைநாட்டப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரில் அசெம்பிள் செய்யப்படும் போனின் பாகத்தை நாற்பது கிலோமீட்டர் தள்ளி ரிச்சி ஸ்ட்ரீட்டில் இருக்கும் கடைக்காரர் நேர்வழியில் வாங்க முடியவில்லை. நுகர்வோர் அமைப்புகள் இந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு மொபைல் பக்கம் வர வேண்டும்.

---

நெல்லை_நிதானம் எழுதுகிறார்:

ஒரு மாற்றுக் கருத்து. பாகப் பூட்டு வந்த பிறகு திருட்டுப் போனைப் பிரித்து விற்பது லாபமில்லாமல் போகிறது. அதையும் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும்?

---

போர்டுலெவல் எழுதுகிறார்:

பார்க்க வேண்டும்தான் சார். ஆனால் திருட்டைத் தடுப்பது ஆக்டிவேஷன் லாக், சீரியல் அறிவிப்பு அல்ல. தொலைந்ததாகப் பதிவான போனின் பாகத்தை மறுப்பது ஒன்று. உரிமையாளரே மனமுவந்து விற்ற போனின் பாகத்தையும், கம்பெனி செய்யாத புதுப் பாகத்தையும் சந்தேகப்படச் சொல்வது வேறு. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை நீக்க முடியும்.

பாதுகாப்பையும் திறந்த பழுதுபார்ப்பையும் சேர்த்து வைக்க முடியும் என்பதற்கு கூகுளின் பிக்சல் போன்களைப் பாருங்கள். பிக்சல் 6 முதல் திரைக்கு அடியில் கைரேகை சென்சார் இருப்பதால் டிஸ்ப்ளே மாற்றினால் அளவீடு தேவை. அந்த மென்பொருளை கூகுள் இணையத்தில் எல்லோருக்கும் வைத்திருக்கிறது. கேபிளில் இணைத்து யாரும் ஓட்டலாம். கைரேகைக்கே அப்படி முடியும்போது, வெறும் திரைக்கும் பேட்டரிக்கும் முடியாது என்று சொல்ல இடமில்லை.

---

செல்_வெல்டர் எழுதுகிறார்:

திண்டுக்கல் தம்பிக்கு, வாடிக்கையாளரிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். வாயால் சொன்னது நிற்காது, ஜாப் கார்டில் எழுதுங்கள். போன் கைக்கு வந்ததும் அவர் எதிரிலேயே ஃபேஸ் ஐடி, ட்ரூ டோன், முன் பின் கேமரா, பேட்டரி ஹெல்த் எண், பார்ட்ஸ் அண்ட் சர்வீஸ் ஹிஸ்டரி பக்கம் ஆகியவற்றைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே யாரோ மாற்றிய பாகம் என்றால் அப்போதே தெரிந்துவிடும். பிறகு போடப்போகும் காம்போவின் வகை, பேட்டரி முழுதாக மாற்றுகிறீர்களா செல் மட்டுமா, அறிவிப்பு வருமா வராதா, வந்தால் எத்தனை நாள் எங்கே தெரியும் என்று நான்கு வரி. கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு நகலை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

போன் வாரண்டியில் இருந்தால் திறக்காதீர்கள், ஆத்தரைஸ்டு சென்டருக்கு அனுப்பிவிடுங்கள். அங்கே வாரண்டி வேலையைச் செய்ய மறுத்தால் ரசீதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.